எண்ணிம-ஒப்புமை மாற்றி (இல்ல ஒலியமைப்பு)

எண்ணிம-ஒப்புமை மாற்றி என்பது எண்களாகப் பதிவு செய்யப்பட்ட ஒலியைத் தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தமாக ஆக்கும் மின்னணுச் சுற்று ஆகும். எண்ணிமம் என்பது பேச்சு வழக்கில் டிஜிட்டல் என்றும், ஒப்புமை என்பது அனலாக் என்றும் வழங்கப்படுகின்றன. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இக்கருவியை டாக் என அழைப்பதும் உண்டு. குறுவட்டு இயக்கி, கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி என எண்ணிம ஒலியை ஒலிக்கச் செய்யும் எல்லாக் கருவிகளிலும் இச்சுற்று உள்ளது. உயர்தர இல்ல ஒலியமைப்புகளில் இது தனிப் பெட்டியாகவும் இடம்பெறுகின்றது.

தனிப் பெட்டியாக விற்கப்படும் மாற்றிகளின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல இலட்சம் ரூபாய் வரை செல்கின்றது. ஆனால் நன்கு வடிவமைக்கப்பட்ட மாற்றிகளுக்கு இடையிலான ஒலி வேறுபாடு மிகச் சிறியது. பெரும்பாலான வேளைகளில் செவிக்குப் புலப்படாதது. ஆகவே இக்கருவியைத் தெரிவு செய்வதில், ஒலியின் இனிமை பற்றிய விளம்பரச் சொற்களைவிட இணைப்பு வசதி, வெளியீட்டு மின்னழுத்தம், இரைச்சல், திரிபு ஆகிய அளந்தறியத்தக்க பண்புகளே முதன்மை பெறுகின்றன.

பணி

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் விரைவான ஏற்ற இறக்கம் ஆகும். ஒலிவாங்கி அதனை ஒப்புமையான மின்னழுத்த மாற்றமாக ஆக்குகின்றது. பதிவின்போது அம்மின்னழுத்தம் சீரான கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்ணாகக் குறிக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவீடும் மாதிரி எனப்படும். ஒரு நொடியில் எடுக்கப்படும் மாதிரிகளின் எண்ணிக்கை மாதிரி வீதம் என்றும், ஒரு மாதிரியைக் குறிக்கப் பயன்படும் இரும இலக்கங்களின் எண்ணிக்கை பிட் ஆழம் என்றும் அழைக்கப்படுகின்றன.

குறுவட்டில் மாதிரி வீதம் 44,100 ஆகும். பிட் ஆழம் 16 ஆகும். இடம், வலம் என இரண்டு தடங்கள் இருப்பதால், ஒரு நொடி இசைக்கு 44,100 × 16 × 2 = 14,11,200 பிட்டுகள் தேவைப்படுகின்றன. 16 பிட்டுகளைக் கொண்டு 65,536 வெவ்வேறு மின்னழுத்த நிலைகளைக் குறிக்கலாம். இல்ல ஒலிக்கருவிகளில் வழக்கமான 2 வோல்ட் வெளியீட்டில், அலையின் அடியிலிருந்து முடி வரையிலான உயரம் ஏறத்தாழ 5.66 வோல்ட் ஆகும். எனவே அடுத்தடுத்த இரு நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு சுமார் 86 மைக்ரோவோல்ட் மட்டுமே. இவ்வளவு சிறிய படிகளை, நொடிக்கு 44,100 முறை, காலந்தவறாமல் அமைத்துத் தருவதே மாற்றியின் பணியாகும்.

வரலாறு

ஒலிக்குறிகையை மாதிரிகளாகப் பகுத்து எண்களாக அனுப்பும் முறையைப் பிரித்தானியப் பொறியாளர் அலெக் ரீவ்சு 1937-இல் பாரிசில் பணியாற்றியபோது உருவாக்கினார். துடிப்புக் குறிமுறைப் பண்பேற்றம் எனப்படும் இம்முறை தொலைபேசித் துறைக்கென எண்ணப்பட்டதாகும். அன்றைய வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இதனைச் செயற்படுத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகியமையால், திரிதடையங்கள் பரவிய பின்னரே இது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

சப்பானின் சோனி நிறுவனமும் நெதர்லாந்தின் பிலிப்சு நிறுவனமும் இணைந்து 1980-இல் குறுவட்டுக்கான தரத்தை வகுத்தன. 44,100 என்ற எண் அன்றைய நிகழ்பட நாடாக் கருவிகளிலிருந்து வந்தது. எண்ணிம ஒலி அப்போது அக்கருவிகளிலேயே பதிவு செய்யப்பட்டது. நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள் எனக் கணக்கிட்டால் 44,100 கிடைக்கின்றது. ஐரோப்பிய முறைப்படி 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள் எனக் கொண்டாலும் அதே எண் கிடைக்கின்றது.

சோனியின் சிடிபி-101 என்னும் இயக்கி 1982 அக்டோபர் 1 அன்று சப்பானில் 1,68,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. 16 பிட் மாற்றி அக்காலத்தில் விலை மிகுந்ததாக இருந்ததால், அதில் ஒரே மாற்றி இடத் தடத்துக்கும் வலத் தடத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டது. இதனால் இரு தடங்களுக்கும் இடையே சுமார் 11 மைக்ரோநொடி வேறுபாடு இருந்தது. பிலிப்சு நிறுவனமோ தன் முதல் இயக்கியில் 14 பிட் மாற்றியைப் பயன்படுத்தி, மாதிரி வீதத்தை நான்கு மடங்காக உயர்த்துவதன் மூலம் 16 பிட்டுக்கு நிகரான விளைவைப் பெற்றது. இவ்விரண்டாம் வழியே பின்னர் வந்த பெரும்பாலான மாற்றிகளுக்கு அடிப்படையானது.

செயற்படும் முறை

எண்ணிம ஒலி படிக்கட்டு போன்ற வடிவமுடையது என்றும், படிகளுக்கு இடையில் உள்ள இசை இழக்கப்படுகின்றது என்றும் பரவலான கருத்து உள்ளது. இது பிழையானதாகும். ஒரு குறிகையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரிகள் எடுக்கப்பட்டால், அம்மாதிரிகளிலிருந்து மூலக் குறிகையை முழுமையாக மீட்கலாம் என்பது மாதிரித் தேற்றம் ஆகும். ஆரி நைக்குவிசுட்டு 1928-இலும், விளாதிமிர் கோத்தெல்னிக்கோவ் 1933-இலும், குளோடு சானன் 1949-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இத்தேற்றத்தோடு தொடர்புடையவை.

தாளில் சில புள்ளிகளை இட்டு, அவற்றின் வழியே கோடு வரையச் சொன்னால் எண்ணற்ற கோடுகளை வரையலாம். ஆனால் குறிப்பிட்ட எல்லையைவிட விரைவாக அக்கோடு வளையக்கூடாது என்னும் நிபந்தனை இருந்தால், ஒரே ஒரு கோடு மட்டுமே அப்புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லும். அந்த ஒரே கோடு மூலக் குறிகையே ஆகும். மனிதச் செவி உணரும் மேல் எல்லை ஏறத்தாழ 20 கிலோ ஹெர்ட்சு. குறுவட்டின் மாதிரி வீதத்தில் பாதி 22.05 கிலோ ஹெர்ட்சு. எனவே கேட்கத்தக்க ஒலி முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்குகின்றது.

மேற்கூறிய நிபந்தனையை நடைமுறையில் நிறைவேற்றுவது மாற்றியில் உள்ள வடிகட்டி ஆகும். எண்களை நேரடியாக மின்னழுத்தமாக்கினால், மூல ஒலியுடன் அதன் பிம்பங்களும் தோன்றும். எடுத்துக்காட்டாக, 20 கிலோ ஹெர்ட்சு ஒலிக்கு 44.1 − 20 = 24.1 கிலோ ஹெர்ட்சில் ஒரு பிம்பம் உண்டாகும். 20-ஐ முழுமையாக விட்டு, 24.1-ஐ முழுமையாகத் தடுக்கும் ஒப்புமை வடிகட்டியை அமைப்பது கடினம். இதற்குத் தீர்வாக, மாதிரிகளுக்கு இடையே புதிய மாதிரிகளைக் கணித்துச் சேர்த்து வீதத்தைப் பன்மடங்காக்கும் முறை பயன்படுகின்றது. இது மிகை மாதிரியாக்கம் எனப்படும். வீதம் நான்கு மடங்கானால் பிம்பங்கள் 156 கிலோ ஹெர்ட்சுக்கு மேல் விலகிச் செல்கின்றன. பின்னர் எளிய ஒப்புமை வடிகட்டியே போதுமானதாகின்றது.

வகைகள்

மின்தடை ஏணி மாற்றி: இவ்வகையில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிலைமாற்றியும் மின்தடையங்களும் உள்ளன. ஒன்றுக்கொன்று இரு மடங்கான இரண்டு மின்தடை மதிப்புகள் மட்டுமே ஏணி வடிவில் திரும்பத் திரும்ப இணைக்கப்படுகின்றன. முதற் பிட் மொத்த மின்னழுத்தத்தில் பாதியையும், அடுத்தது காற்பங்கையும், அதற்கடுத்தது அரைக்காற்பங்கையும் தருகின்றன. கருத்தளவில் இது எளியது. எனினும் 16 பிட் துல்லியத்துக்கு முதற் பிட்டின் பிழை ஏறத்தாழ 0.0015 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இத்தகைய மின்தடையங்களைத் தெரிந்தெடுத்துப் பொருத்துவதே இவ்வகைக் கருவிகளின் விலை உயர்வுக்கு முதன்மைக் காரணமாகும்.

டெல்டா-சிக்மா மாற்றி: தோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனோசு, யசுதா, முரகாமி ஆகியோர் 1962-இல் விளக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டது. இது மிகச் சில மின்னழுத்த நிலைகளை மட்டும் கொண்டு, மிக உயர்ந்த வேகத்தில் இயங்குகின்றது. நிலைகள் குறைவாக இருப்பதால் தோன்றும் பிழை, பின்னூட்டத்தின் மூலம் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளப்பட்டுப் பின்னர் வடிகட்டப்படுகின்றது. துல்லியமான மின்தடையங்கள் தேவைப்படாததால் இதனை ஒரே சில்லில் மலிவாக அமைக்கலாம். இன்று விற்கப்படும் பெரும்பாலான மாற்றிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

மிகை மாதிரியாக்கம் இல்லாத மாற்றி: சில நிறுவனங்கள் இயற்கையான ஒலி கிடைப்பதாகக் கூறி, எண்ணிம வடிகட்டியைத் தவிர்த்த கருவிகளை விற்கின்றன. இவற்றில் குறுவட்டின் 20 கிலோ ஹெர்ட்சு ஒலி சுமார் 3.2 டெசிபல் குறைந்து வெளிப்படுகின்றது. பிம்பங்களும் பெருமளவு அப்படியே வெளியேறுகின்றன. இவற்றின் ஒலியைச் சிலர் விரும்பக்கூடும். ஆனால் அவ்விருப்பம் மூலப் பதிவிலிருந்து விலகிய ஒலியின் மீதான விருப்பமே அன்றிக் கூடுதல் துல்லியத்தின் அடையாளம் அன்று.

ஒரு கருவியில் உள்ள சில்லின் பெயரை மட்டும் கொண்டு அதன் தரத்தை முடிவு செய்ய இயலாது. ஒரே சில்லு மலிவான கருவியிலும் விலையுயர்ந்த கருவியிலும் இருக்கலாம். மின்வழங்கி, வெளியீட்டுச் சுற்று, சுற்றுப்பலகையின் அமைப்பு ஆகியன இறுதி விளைவைப் பெரிதும் பாதிக்கின்றன. 2020 அக்டோபரில் சப்பானின் நொபியோக்கா நகரில் அசாகி கசெய் குழுமத்தின் சில்லு ஆலை தீக்கிரையானபோது, அதன் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பல ஒலிக்கருவி நிறுவனங்கள் வேறு நிறுவனச் சில்லுகளைக் கொண்டு தம் கருவிகளை மறுவடிவமைப்புச் செய்தன.

அளவீடுகள்

இரைச்சலும் பிட் ஆழமும்

மாற்றி வெளிப்படுத்தும் மிகப்பெரிய ஒலிக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் இடையிலான வேறுபாடு இயங்கு நெடுக்கம் எனப்படும். கருத்தளவில் 16 பிட்டுக்கு இது சுமார் 98 டெசிபல். 24 பிட்டுக்குச் சுமார் 146 டெசிபல். ஆயினும் 24 பிட்டின் முழுத் துல்லியத்தையும் எந்த மாற்றியாலும் தர இயலாது. 2 வோல்ட் வெளியீட்டில் 24 பிட்டின் ஒரு படி 0.34 மைக்ரோவோல்ட் ஆகும். அறை வெப்பநிலையில் உள்ள 1 கிலோஓம் மின்தடையம் ஒன்று, எலக்ட்ரான்களின் வெப்ப அசைவினால் மட்டுமே, கேட்கத்தக்க அதிர்வெண் எல்லைக்குள் சுமார் 0.57 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்குகின்றது. அதாவது ஒரு சாதாரண மின்தடையத்தின் இரைச்சலே 24 பிட்டின் படியைவிடப் பெரிது. எனவே 32 பிட் எனக் குறிப்பிடும் விளம்பரம் உள்ளே நிகழும் கணிப்பின் அளவைக் குறிக்கின்றதே அன்றி வெளிவரும் ஒலியின் துல்லியத்தைக் குறிப்பதில்லை. சிறந்த மாற்றிகளில் இயங்கு நெடுக்கம் 120 டெசிபலை எட்டுகின்றது அல்லது சற்றுத் தாண்டுகின்றது.

அமைதியான வசிப்பறையிலும் சுமார் 30 டெசிபல் பின்னணி ஒலி இருக்கும். இசையின் உச்சம் 105 டெசிபலாக இருப்பின் பயன்படும் இடைவெளி ஏறத்தாழ 75 டெசிபல் மட்டுமே. இதனோடு ஒப்பிட்டால் 16 பிட்டின் இயங்கு நெடுக்கமே இல்லப் பயன்பாட்டுக்குப் போதுமானது என்பது விளங்கும்.

திரிபு

மூலத்தில் இல்லாத அதிர்வெண்களைக் கருவி தானாகச் சேர்ப்பது திரிபு எனப்படும். நல்ல மாற்றிகளில் இது 0.001 விழுக்காடு, அதாவது மூல ஒலிக்கு 100 டெசிபல் கீழே, அல்லது அதனினும் குறைவாக இருக்கும். ஒலிபெருக்கிகளில் திரிபு பொதுவாக 0.1 முதல் 1 விழுக்காடு வரையும், தாழ் அதிர்வெண்களில் அதற்கு மேலும் இருக்கும்.

காலநடுக்கம்

மாதிரிகள் வெளிப்படும் நேரத்தில் ஏற்படும் நுண்ணிய முன்பின் மாற்றம் காலநடுக்கம் எனப்படும். உச்ச அளவில் உள்ள 20 கிலோ ஹெர்ட்சு ஒலியில், 16 பிட்டின் அரைப் படி அளவுக்கு மேல் பிழை தோன்றாதிருக்க, இம்மாற்றம் 121 பிக்கோநொடிக்குள் இருக்க வேண்டும் எனக் கணிக்கலாம். ஆனால் செவியின் உணர்திறன் இவ்வளவு நுட்பமானது அன்று. பெஞ்சமின், கேனன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தூய ஒலியில் சுமார் 10 நானோநொடிக்கும், இசையில் சுமார் 20 நானோநொடிக்கும் குறைவான நடுக்கம் கேட்போரால் உணரப்படவில்லை. இன்றைய மாற்றிகளில் காலநடுக்கம் இதைவிடப் பல மடங்கு குறைவாகும்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

தனிக் கருவியின் தேவை

தனி மாற்றி வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உள்ள கருவியில் குறை உண்டா என அறிதல் நன்று. கணினியின் உட்சுற்றிலிருந்து வரும் இரைச்சல், சுட்டியை நகர்த்தும்போது கேட்கும் கீச்சொலி, 50 அல்லது 60 ஹெர்ட்சு மின்வலை முழக்கம், போதாத வெளியீட்டு மின்னழுத்தம், தேவையான உள்ளீடு இல்லாமை ஆகியன உண்மையான காரணங்கள். இவற்றுள் எதுவும் இல்லையெனில் புதிய மாற்றியால் கிடைக்கும் பயன் மிகக் குறைவாகவே இருக்கும்.

உள்ளீடுகள்

- யூஎஸ்பி: கணினி, கைப்பேசி ஆகியவற்றுக்கு ஏற்றது. 1998-இல் வெளியான ஒலிக்கான முதல் யூஎஸ்பி தரம் நடைமுறையில் 24 பிட், 96 கிலோ ஹெர்ட்சு வரை இடமளித்தது. 2006-இல் வெளியான இரண்டாம் தரம் அதற்கு மேற்பட்ட வீதங்களுக்கும் இடமளிக்கின்றது. ஒத்தியங்கா முறையில் செயற்படும் மாற்றியில் காலத்தைக் கணினி நிர்ணயிப்பதில்லை. மாற்றியின் உள்ளே உள்ள கடிகாரமே நிர்ணயிக்கின்றது. இன்று இம்முறையே பரவலாக உள்ளது.
- ஓரச்சு வடம்: குறுவட்டு இயக்கிகளில் காணப்படுவது. 75 ஓம் மின்மறுப்பு கொண்ட வடம் தேவை.
- ஒளியிழை: தோசிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்தியது. ஒளியின் மூலம் இணைப்பதால் இரு கருவிகளுக்கும் இடையே மின் தொடர்பு இல்லை. ஆகவே புவியிணைப்பு வளையத்தால் எழும் முழக்கத்தை நீக்க இது எளிய வழியாகும்.
- சமநிலை எண்ணிம இணைப்பு: 1985-இல் தரப்படுத்தப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களில் மிகுதியாகப் பயன்படுவது.

தொலைக்காட்சியை ஒளியிழை மூலம் இணைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி டால்பி போன்ற பல்தடக் குறிமுறையில் ஒலியை அனுப்பினால், இருதட மாற்றிகள் பெரும்பாலும் அதனைப் புரிந்துகொள்வதில்லை, ஒலி வராது. தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் பிசிஎம் என்பதைத் தெரிவு செய்தால் இச்சிக்கல் தீரும்.

வெளியீடு

வழக்கமான ஆர்சிஏ வெளியீட்டில் உச்ச ஒலிக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும், சமநிலை வெளியீட்டில் ஏறத்தாழ 4 வோல்ட்டும் கிடைக்கும். மிகைப்பியின், அதாவது ஆம்ப்ளிஃபையரின், உள்ளீட்டு மின்மறுப்பு மாற்றியின் வெளியீட்டு மின்மறுப்பைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். இல்லத்து மிகைப்பிகளில் பெரும்பாலும் 10 கிலோஓம் அல்லது அதற்கு மேல் உள்ளதால், சில நூறு ஓம் வெளியீடுடைய மாற்றிகள் சிக்கலின்றிப் பொருந்துகின்றன. சமநிலை இணைப்பு நீண்ட வடங்களில் இரைச்சலைக் குறைக்க உதவும். ஓரிரு மீட்டர் வடத்துக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

ஒலியளவுக் கட்டுப்பாடு

சில மாற்றிகளில் ஒலியளவைக் குறைக்கும் வசதி உள்ளது. அத்தகைய கருவியை ஆற்றல் மிகைப்பியுடன் நேரடியாக இணைக்கலாம். எண்ணிம முறையில் ஒலியளவைக் குறைக்கும்போது ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் அளவு துல்லியம் குறைகின்றது. 24 பிட் மாற்றியில் 16 பிட் இசையை ஒலிக்கச் செய்யும்போது 8 பிட் இடம் மிகுதியாக இருப்பதால் மிதமான குறைப்பு ஊறு செய்வதில்லை. இவ்வாறு இணைக்கும்போது மாற்றி எதிர்பாராமல் முழு ஒலியளவில் தொடங்கினால் ஒலிபெருக்கி சேதமடையக்கூடும். எனவே மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது கருவி எந்த ஒலியளவில் தொடங்குகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

மாதிரியிடை உச்சம்

இரு மாதிரிகளுக்கு நடுவே அமையும் அலையின் உச்சம், மாதிரிகளின் மதிப்பைவிட உயரமாக இருக்கலாம். மாதிரி வீதத்தில் காற்பங்கு அதிர்வெண் கொண்ட அலையில் இவ்வேறுபாடு 3 டெசிபல் வரை எட்டக்கூடும். மிக உரத்துப் பதிவு செய்யப்பட்ட இசையில் இதனால் மாற்றியின் எண்ணிம வடிகட்டி நிரம்பி வழிந்து திரிபு உண்டாகலாம். சில மாற்றிகள் இதற்கென உள்ளே சில டெசிபல் இடம் விட்டு வடிவமைக்கப்படுகின்றன. அவ்வாறு இல்லாதவற்றில், கணினியின் இசை மென்பொருளில் ஒலியளவை 3 டெசிபல் குறைத்து வைப்பது போதுமானது.

கோப்பு வடிவங்கள்

1999-இல் அறிமுகமான மீயொலிக் குறுவட்டு ஒரு பிட் ஆழமும் 2.8224 மெகா ஹெர்ட்சு வீதமும் கொண்ட முறையைப் பயன்படுத்துகின்றது. இவ்வகைக் கோப்புகளை வைத்திருப்போர், மாற்றி அவற்றை ஏற்குமா என அறிய வேண்டும். அரிதான வடிவம் ஒன்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் இடர் உண்டு. 2014-இல் அறிவிக்கப்பட்ட எம்கியூஏ என்னும் வடிவத்துக்கு ஆதரவு உள்ளமை ஒருகாலத்தில் விற்பனைச் சிறப்பாகக் கூறப்பட்டது. 2023-இல் அந்நிறுவனம் நொடிப்பு நிலைக்குள்ளாகி வேறு நிறுவனத்தால் வாங்கப்பட்டது. 2024-இல் டைடல் இசைச் சேவையும் அவ்வடிவத்தைக் கைவிட்டது.

செவிவழி ஒப்பீடு

இரு கருவிகளைக் கேட்டு ஒப்பிடும்போது பிழையான முடிவுக்கு வருவது எளிது. இதற்கு முதற் காரணம் ஒலியளவு வேறுபாடு. ஒரு மாற்றி 2 வோல்ட்டும், மற்றொன்று 2.5 வோல்ட்டும் வெளியிட்டால், இரண்டாவது கருவி சுமார் 1.9 டெசிபல் உரத்து ஒலிக்கும். சற்றே உரத்த ஒலியை மனிதர் பெரும்பாலும் உரத்தது என உணர்வதில்லை. தெளிவானது, நிறைவானது என்றே உணர்கின்றனர். ஆகவே வோல்ட்மானியைக் கொண்டு இரு கருவிகளின் வெளியீட்டையும் 0.1 டெசிபல், அதாவது ஏறத்தாழ 1 விழுக்காடு, வேறுபாட்டுக்குள் சமப்படுத்துதல் வேண்டும்.

இரண்டாவது காரணம் முன்னறிவு. எக்கருவி இயங்குகின்றது என்பதும் அதன் விலை என்ன என்பதும் தெரிந்திருந்தால், அவ்வறிவு கேட்பவரை அறியாமலேயே அவரது தீர்ப்பைப் பாதிக்கின்றது. இதனைத் தவிர்க்க மறைநிலைச் சோதனை பயன்படுகின்றது. கேட்பவருக்குத் தெரியாமல் வேறொருவர் கருவிகளை மாற்ற, கேட்பவர் எது எனக் கூற வேண்டும். வெறும் ஊகத்தால் 10 முறைகளில் 9 அல்லது 10 முறை சரியாகக் கூறும் வாய்ப்பு 1,024-இல் 11, அதாவது சுமார் 1 விழுக்காடு மட்டுமே. எனவே ஒருவர் 9 முறை சரியாகக் கூறினால் அவர் உண்மையிலேயே வேறுபாட்டை உணர்கின்றார் எனக் கொள்ளலாம். 5 அல்லது 6 முறை சரியாகக் கூறுவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது காரணம் நினைவின் குறுகிய ஆயுள். நுண்ணிய ஒலி வேறுபாடுகள் சில நொடிகளுக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. நேற்றுக் கடையில் கேட்டதை இன்று வீட்டில் கேட்பதுடன் ஒப்பிடுவதால் பயனில்லை.

ஆய்வுகளும் கருத்து வேறுபாடும்

குறுவட்டின் தரம் போதுமானதா என்பது பற்றி ஒலியியலாளர்களிடையே நீண்ட விவாதம் நடைபெற்று வந்துள்ளது. மேயர், மோரன் ஆகியோர் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்தரப் பதிவுகளின் ஒலியை 16 பிட், 44.1 கிலோ ஹெர்ட்சு மாற்றிகளின் வழியாகச் செலுத்தியும் செலுத்தாமலும் கேட்கச் செய்தனர். 554 சோதனைகளில் 276 முறை, அதாவது 49.8 விழுக்காடு, மட்டுமே சரியான விடை கிடைத்தது. மிக உயர்ந்த ஒலியளவில் மட்டும் இரைச்சல் வேறுபாடு புலப்பட்டது. பயன்படுத்தப்பட்ட பதிவுகளில் சில உண்மையில் உயர்தர மூலத்திலிருந்து வந்தவை அல்ல என்பது இவ்வாய்வின் மீதான குறைகூறலாகும்.

அதே இதழில் 2016-இல் யோசுவா இரைசு வெளியிட்ட தொகுப்பாய்வு, 18 ஆய்வுகளில் நிகழ்ந்த 12,500-க்கும் மேற்பட்ட சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தது. சரியான விடைகள் 52.3 விழுக்காடாக இருந்தன. இது ஊகத்தைவிடச் சிறிதளவே மிகுதி எனினும் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கது. பயிற்சி பெற்றவர்களிடம் இது மேலும் உயர்ந்தது. வேறுபாடு எதுவும் இல்லை எனத் திட்டவட்டமாகக் கூற இயலாது என்பதையும், இருக்கும் வேறுபாடு மிக நுண்ணியது என்பதையும் இவ்வாய்வுகள் ஒருசேரக் காட்டுகின்றன.

ஒலியமைப்பில் மாற்றியின் இடம்

இல்ல ஒலியமைப்பின் இறுதித் தரம் அதன் மிகப் பலவீனமான உறுப்பையே சார்ந்துள்ளது. நல்ல மாற்றி 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை டெசிபலின் சிறு பின்னத்துக்குள் சீராக இயங்குகின்றது. ஒலிபெருக்கிகளிலோ 3 டெசிபல் கூடுதல் குறைவு இயல்பானது. அறையின் பங்கு அதனினும் பெரிது. 5 மீட்டர் நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 34 ஹெர்ட்சு ஒலி ஒத்ததிர்வு கொள்கின்றது. அறையில் அமரும் இடத்தைப் பொறுத்து இத்தகைய தாழ் ஒலிகள் 10 டெசிபலுக்கு மேலும் மிகலாம் அல்லது குறையலாம். நாற்காலியை ஓரடி நகர்த்துவதால் ஏற்படும் மாற்றம், இரு நல்ல மாற்றிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிது.

இதனால், வரையறுக்கப்பட்ட தொகையில் ஒலியமைப்பை உருவாக்குவோர் பின்வரும் வரிசையைப் பின்பற்றுவது பொருத்தமானதாகும்.

1. ஒலிபெருக்கிகளுக்கும், அவற்றை அறையில் பொருந்தும் இடத்தில் வைப்பதற்கும் முதலிடம் தருதல்.
2. தடித்த விரிப்பு, திரை, நூலடுக்கு முதலியவற்றால் அறையின் எதிரொலியைக் கட்டுப்படுத்துதல்.
3. ஒலிபெருக்கிக்கு ஏற்ற ஆற்றலுடைய மிகைப்பியைத் தெரிதல்.
4. தேவையான உள்ளீடுகளும், சுதந்திரமாக அளக்கப்பட்ட குறைந்த இரைச்சலும், பழுதுபார்க்கும் வசதியும் உடைய மாற்றியைத் தெரிதல்.

விலையுயர்ந்த மாற்றிகளில் உறுதியான பெட்டி, நேர்த்தியான கைவேலை, நீண்ட உத்தரவாதம், பல உள்ளீடுகள், தொலையியக்கி போன்ற வசதிகள் இருக்கலாம். அவற்றுக்காகப் பணம் செலவிடுவது வாங்குபவரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஆனால் அச்செலவு ஒலியின் துல்லியத்துக்கான செலவு அன்று என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். திருப்பித் தரும் வசதியுடன் வாங்கி, ஒலியளவைச் சமப்படுத்தி, மறைநிலையில் பழைய கருவியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே இதனை உறுதி செய்துகொள்ள எளிய வழியாகும்.